பல் வெட்டிய காகிதம்

எந்தப் புட்டியைக் கொடுத்தாலும் அவர் முதலில் மூக்கில்தான் வைப்பார். கண்ணால் பார்ப்பது அப்புறம்.

கச்சேரி ரோட்டில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் அவர் கம்பவுண்டராக இருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். டாக்டர் சீட்டு எழுதுவார். மருந்தைக் கலப்பது கம்பவுண்டர். புட்டி கொண்டுபோவது நம் பொறுப்பு. மரத் தடுப்பில் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கும். அதில் புட்டியை நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை வாங்கிக்கொள்ளும். பல சமயம் அதே கை அதே புட்டியைத் திருப்பி நீட்டும்.

"இதுல இன்னா இருந்திச்சு?"

"ஒண்ணுமில்லை. காலிப் புட்டி."

"காலின்னு தெரியுது. அதுக்கு மின்னாடி?"

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், வீட்டுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தபோது அதில் டர்பன்டைன் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். "மூணு தரம் கழுவியாச்சு, ஓய்" என்று சேர்த்துக்கொண்டார்.

"உங்க கை கழுவிச்சு, சாமி. என் மூக்கு ஒத்துக்கல. வேற எடுத்தாங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்தது என் புட்டி. அது தேறியது.

மருந்து ஊற்றியானதும் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை எடுத்து மடித்து, ஓரத்தில் கத்திரியால் வெட்டுவார். பிரித்தால் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். பசை தடவிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்து தெரியாதவர்களும் அளவு தவறாமல் கொடுக்கலாம். எல்லா டிஸ்பென்சரிகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் இவர் வெட்டியதை ஒரு முறை வீட்டில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஆறு பல்லும் இம்மி பிசகாமல் ஒரே அளவு.

வயது நாற்பத்தைந்து இருக்கலாம். சாந்தோமில் பல தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு பதக்கம். அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே அது வேண்டாம். எங்கள் தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'கசப்புக் கம்பவுண்டர்' என்பார்கள்.

அவர் கலக்கும் குழந்தை மருந்து அப்படிக் கசக்கும். எங்கள் சாந்தாவுக்கு அப்போது இரண்டரை வயது. இருமலுக்கு அந்த மருந்தைக் கொடுக்க நான் அவள் கால்களையும் என் மனைவி கைகளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் முதல் புட்டியைக் கண்டாலே போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். தாய்மார்கள் டாக்டரிடம் புகார் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நாள் டாக்டர் தடுப்பைப் பார்த்துக் கத்தினார்.

"என்னய்யா இது? குழந்தை மருந்துல சிரப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சிரப் கிடைக்கல, டாக்டர். யுத்தம்."

டாக்டர் விட்டுவிட்டார். அந்த வருஷங்களில் 'யுத்தம்' என்றால் மேலே கேள்வி கிடையாது. ஆனால் என் முறை வந்து ஓட்டையில் குனிந்தபோது, கம்பவுண்டரின் தலைக்கு மேலே கடைசித் தட்டில் ஒரு கண்ணாடி ஜாடி தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் கழுத்து வரை சிரப். மூடியின் மேல் விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்குத் தூசி. டாக்டர் தடுப்புக்குப் பின்னால் போகும் வழக்கமில்லை.

பத்திரிகை ஆபீசில் பிழைப்பவனுக்கு இந்த மாதிரி முரண் கண்ணில் படாமல் போகாது. பட்டது. கேட்கத்தான் இல்லை. கொஞ்சம் கல்மனசுக்காரர் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். காலைப் பூசை முடிந்து, வெளுத்த சட்டையோடு சாந்தோமிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்து வருவார். அந்த மாதம் மருந்து வாங்கிய வீடுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாங்கள் இருந்தது ஆறு குடித்தனங்கள் உள்ள ஸ்டோர்; நடுவில் முற்றம், கிணறு. வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குரல் கொடுப்பார்.

"அம்மா, அந்த இருமல் மருந்து சீசா எங்க கீது?"

எதிர்ப்புறக் குடித்தனம் பங்கஜம் மாமிக்கு வாய் சும்மா இராது. "வந்துட்டார்டி சீசாப் போலீஸ்! எல்லாரும் அவாவா புட்டியை எடுத்துண்டு வாங்கோ, கைது பண்ணப் போறார்."

அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். புட்டியை வாங்கி, காகிதத்தில் எச்சில் தொட்டு, கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுப்பார். ஒரு பல் மிச்சமில்லாமல் எடுத்து, சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வெறும் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் வாசற்படியில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்ப்பார். உட்கார்ந்தால் அவர் கண் ஒரு குழந்தையின் கண் உயரத்துக்கு வரும். இதையும் நான் பிறகுதான் கவனித்தேன்.

"அந்த மாடத்தில இன்னா கீது?"

எங்கள் ரேழியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு மாடம். டாக்டர் மருந்தும் மண்ணெண்ணெயும் அதில்தான் இருக்கும். இரண்டுமே மடிக்கு ஆகாதவை, சமையலறைக்குள் வரக்கூடாதவை. ஸ்டோரில் ஆறு குடித்தனங்களிலும் இதே ஏற்பாடு. வீட்டிலேயே குழந்தைக்குக் கை எட்டும் இடம் அதுதான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வேணாம்மா. எண்ணெயை மேல தூக்கிடுங்க."

"சரி, சரி" என்பாள் என் மனைவி. அவர் தலை மறைந்ததும், "ஏன்னா, இந்த மனுஷன் நம்மாத்தை வேவு பார்க்கறாப்பல இருக்கு. பயமா இருக்கு" என்பாள். எனக்கும் அது பிடிக்கவில்லை.

விவகாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றியது. பங்கஜம் மாமியின் கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது. மாமி வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பையன் சமையலறையில், அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, பல் காகிதம் ஒட்டிய ஒரு புட்டியை வாய்க்குக் கொண்டுபோனான். கம்பவுண்டர் வாசற்படியிலிருந்து அதைப் பார்த்தார். எழுந்தார். கூடத்தைத் தாண்டி நேரே சமையலறைக்குள் போய்ப் புட்டியைப் பிடுங்கினார். பையன் வீரிட்டான்.

நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லெண்ணெய்" என்றார்.

"பின்னே? நன்னா அலம்பி எண்ணெய் ஊத்தின புட்டி, விஷத்தையா வெச்சிருப்பேன்?" மாமி கத்தினாள். "மடியா சமைச்சது அத்தனையும் பாழாப் போச்சே! அரிசி விக்கற விலையில பத்துப் பேர் சாதம்! எவன்டா உன்னை உள்ளே விட்டது?"

"தப்புதாம்மா." முற்றத்தில் வந்து நின்று சொன்னார். சொல்லும்போதே அவர் கட்டைவிரல் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மாமிக்குக் கோபம் இன்னும் ஏறியது. "பாருங்கோ, பாருங்கோ! இப்பவும் விடறானா பாருங்கோ!"

அன்று அந்தச் சோறும் ரசமும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. மத்தியானம் ஸ்டோர்க்காரர்கள் கூடி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதத் தீர்மானித்தார்கள். எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்தார்கள். நானும் எழுதினேன். 'தங்கள் சிப்பந்தி, குடித்தனக்காரர்களின் அந்தரங்கமான பாகங்களில் அனுமதியின்றிப் பிரவேசிப்பதும், பெண்டிர் புழங்கும் இடங்களை வேடிக்கை பார்ப்பதும்' என்று ஒரு வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது. அதில் பொய் என்று ஒரு சொல் கிடையாது. ஆறு குடித்தனமும் கையெழுத்துப் போட்டது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வீடுகளுக்குப் போனால் வேலை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு யார் வீட்டுப் புட்டியிலும் யாரும் காகிதத்தைச் சுரண்டவில்லை.

ஐப்பசி மழையில் சாந்தாவுக்கு மறுபடி இருமல். ஒரு வாரம் மறுபடி கால் கை பிடித்தோம். இருமல் போயிற்று, காலிப் புட்டி காகிதத்தோடு மாடத்திலேயே நின்றது. அந்தச் சமயம் எங்கள் மண்ணெண்ணெய் டின் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. புது டின்னுக்கு எங்கே போவது? தகரமெல்லாம் யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏன்னா, அந்த மருந்துப் புட்டி காலியாத்தானே நிக்கறது?" என்றாள் மனைவி.

அவள் சொன்னாள், எடுத்துக்கொண்டு போனது நான். மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். கடைக்காரர் ஊற்றும்போது புட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மேல் பல் வரை வருகிறதா என்று சரிபார்த்து வாங்கினேன். அளவு பார்க்க அந்தக் காகிதம் வசதியாக இருந்தது என்று நினைத்துக்கொண்டது கூட ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து மாடத்தில் வைத்தேன்.

மறுநாள் எனக்கு ஆபீஸ் விடுமுறை. காலை ஒன்பது மணி. முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். வாளி பாதிக் கிணறு ஏறியிருக்கும். தற்செயலாகத் திரும்பினேன். எங்கள் ரேழி நேராகத் தெரிந்தது. சாந்தா மாடத்தடியில் நின்றிருந்தாள். புட்டி அவள் இரண்டு கைகளுக்குள் இருந்தது. தக்கை தரையில் கிடந்தது.

எனக்கும் அவளுக்கும் இடையே இருபத்தைந்து அடி. கூப்பிட்டால் பயந்து விழுங்கிவிடுவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தில் புட்டி அவள் முகத்துக்கு உயர்ந்தது. கயிற்றை விட்டேன். ராட்டினம் அலறியது; வாளி கிணற்றில் விழுந்த சத்தம் ஸ்டோர் முழுக்கக் கேட்டது. நான் ஓடிய வழியில் முற்றத்துத் தூண் ஒன்று குறுக்கே வந்து அவள் முகத்தை மறைத்தது. தூணைத் தாண்டியபோது புட்டி தரையில் உருண்டுகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் பரவியது. அவள் கவுன் முன்புறம் நனைந்திருந்தது. வாயைத் திறந்து அழுதாள்.

பாதிக்கு மேல் தரையில் இருந்தது. எவ்வளவு சிந்தியது, எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கிட வழியில்லை.

"குடிச்சயா? குடிச்சயாடி, சொல்லு!" மனைவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

பங்கஜம் மாமி அதற்குள் ஓடிவந்துவிட்டாள். "உப்பைக் கரைச்சு ஊத்துடி! வாந்தி எடுத்துட்டா எல்லாம் வெளியில வந்துடும். நிக்காதே, ஓடு!"

மனைவி சமையலறைக்கு ஓடினாள். எனக்கு உப்புத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தெரியாது. காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். குழந்தையை ஒரு கையிலும் புட்டியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, சட்டையில்லாமல் தெருவில் ஓடினேன். பின்னால் மாமியின் குரல்: "ரெண்டு வாய் குடுத்துட்டுப் போங்கோ!"

டிஸ்பென்சரியில் டாக்டர் இல்லை; யாரையோ பார்க்க வெளியே போயிருந்தார். கம்பவுண்டர் ஓட்டை வழியாக முதலில் என் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அந்தக் கதவை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

"எத்தினி நேரம் ஆச்சு?"

"அஞ்சு நிமிஷம்."

"இருமிச்சா?"

"இல்லை. அழறது."

அப்போது என் மனைவி வந்து சேர்ந்தாள். கையில் டம்ளர். ஓடி வந்ததில் பாதி சிந்தியிருந்தது. குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். கம்பவுண்டர் டம்ளரின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"விடுங்கோ! உப்புத் தண்ணி!"

"தெரியும்மா. அதான் வேணாங்கறேன்."

"வாந்தி எடுக்க வேண்டாமா?"

"எடுக்கவே கூடாது. வயித்துல கெடந்தா கூடப் பொழச்சுக்கும். வாந்தி எடுக்கறப்ப அது மூச்சுல எறங்கிச்சுன்னா, மார்ல போயிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." டம்ளரை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பின்னால் வைத்தார். அவள் தடுக்கவில்லை.

பெஞ்சில் என் மடியில் குழந்தை. அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார். "கண்ணு, வாயைத் தொற. ஆ…" அழுதுகொண்டிருந்ததால் வாய் திறந்தேதான் இருந்தது. அவர் மூக்கை அவள் வாயருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. அவள் உதடுகளை ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை முகர்ந்தார். கவுனின் நனைந்த பகுதியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை வாயை முகர்ந்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"உள்ள போகல" என்றார்.

"நிச்சயமா?"

"துணியிலயும் கையிலயும் கீது. வாய்ல இல்ல." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது.

பிறகு புட்டியை எடுத்துக் குழந்தையிடம் காட்டினார். "இத்தை ஏன் கண்ணு குடிக்கல?"

சாந்தாவின் கண் காகிதப் பற்களில் விழுந்தது. சட்டென்று முகத்தை என் மார்பில் புதைத்துக்கொண்டாள். "வேணாம். மருந்து. கச்ச மருந்து."

"தண்ணின்னு நெனச்சு எடுத்திருக்கும். வாய்கிட்ட கொணாந்தப்ப பேப்பர் கண்ணுல பட்டிருக்கும்" என்றார் அவர், எழுந்துகொண்டே.

மனைவி குழந்தையின் கையைக் கழுவ வெளிக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். அவர் புட்டியில் மிச்சமிருந்ததை ஒரு டின்னில் ஊற்றிவிட்டு, கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் காகிதத்தைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டியபடியே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"எங்க தெருப் பையன் ஒண்ணு, சார். மூணு வயசு. முன்னெல்லாம் நான் சிரப்பு நெறைய ஊத்துவேன். புள்ளைங்க அழாம குடிக்கும். நல்லா இருக்குன்னு கேட்டு வாங்கிக் குடிக்கும். எனக்கு அதுல ஒரு பெருமை. இந்தப் பையன் பல்லு வெச்ச சீசாவைப் பார்த்தாலே சிரிக்கும். அவங்கம்மா அந்தச் சீசாவுல மண்ணெண்ணெய் வாங்கி வெச்சிருக்காங்க. நான் போறப்ப ஒரு பல்லு கொறஞ்சிருந்திச்சு. கரெக்டா ஒரு வேளை. அத்தோட விட்டிருந்தாலும் பொழச்சிருக்கும். உப்புத் தண்ணி கரைச்சு நானே குடுத்தேன். வாந்தி எடுத்திச்சு. மூணாம் நாள் போயிடிச்சு. அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, வாந்தி எடுக்க வெச்சிருக்கக் கூடாதுன்னு."

காகிதம் முழுதாக வந்துவிட்டது. சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"பேப்பர் நான் வெட்டினது. இனிப்பும் நான் போட்டதுதான்" என்றார்.

நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியாகக் கடைசித் தட்டு தெரிந்தது. ஆரஞ்சு நிறம் அதே அளவில் நின்றது.

"டாக்டருக்குப் போன அந்தக் கடிதம்," என்றேன், "எழுதினது நான்தான்."

"தெரியும், சார். காமிச்சாரு. கையெழுத்து நல்லாருந்திச்சு."

வாசலில் டாக்டரின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே நுழையும்போதே என் சட்டையில்லாத உடம்பையும், குழாயடியிலிருந்து அழுதுகொண்டே வந்த குழந்தையையும் பார்த்தார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். "ஒண்ணுமில்லை. ராத்திரி இருமினாலோ ஜுரம் வந்தாலோ உடனே கொண்டாங்கோ" என்றார். கம்பவுண்டர் ஆறுதலுக்குக் குழந்தையின் தலையைத் தொடப் போனார். அவள் வீரிட்டு அம்மாவின் புடவைக்குள் ஒளிந்தாள்.

டாக்டர் சிரித்தார். பிறகு அவருக்கு எரிச்சல் வந்தது. "பாருய்யா, உன் மூஞ்சியைக் கண்டாலே குழந்தைகள் ஓடறது. இன்னுமா அந்தக் கசப்பு? ஊரெல்லாம் சிரப் வந்துடுத்துன்னு சொல்றாளே. உனக்கு மட்டும் கிடைக்கலையா?"

"கிடைக்கல, டாக்டர்."

டாக்டர் தடுப்பைப் பார்த்தார். கதவு இன்னும் திறந்திருந்தது. அவர் இரண்டடி எடுத்து வைத்தால் போதும். கம்பவுண்டர் அசையவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"எங்கேயும் கிடைக்கலை, டாக்டர்" என்றேன். "நேத்துக்கூட எங்க பத்திரிகையில போட்டிருந்தோம். இன்னும் ஒரு வருஷத்துக்கு வராதாம்."

"அப்படியா? நான் பார்க்கலையே" என்றார் டாக்டர்.

"உள்பக்கத்துல. நாலு வரி."

பத்திரிகையில் வந்தது என்றால் அவருக்கு மேலே கேள்வி கிடையாது. கை கழுவத் தன் அறைக்குப் போய்விட்டார். கம்பவுண்டர் தடுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டை வழியாக அந்தக் கை நீண்டது. கழுவிய புட்டி. பக்கத்தில் காகிதம் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது.

"இனிமே இதுல மருந்து ஊத்தமாட்டேன். எண்ணெய்க்கே வெச்சுக்குங்க, சார். பரண் மேல."

வாங்கினேன். முதலில் மூக்கில் வைத்துப் பார்த்தேன்.